கழுவிய பின் ஸ்டார்ட் ஆகாத மாசி பெர்குசன் 240: எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

மட்டக்குளி பவுசர்

வணக்கம். கொழும்பு 15, மட்டக்குளியில் இருந்து எழுதுகிறேன். கட்டட வேலைத் தளங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கும் சிறு தொழில் என்னுடையது. பழைய மாசி பெர்குசன் 240 உழவு இயந்திரம் ஒன்றின் பின்னால் பவுசர் (தண்ணீர்த் தாங்கி வண்டி) பூட்டி ஓடுகிறோம். ஆயுத பூசைக்கு முதல் நாள் மாலை அதைக் கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் உள்ள ஒரு சேர்விஸ் நிலையத்துக்கு அனுப்பி, அழுத்தத் தண்ணீரால் கழுவுவித்தோம். ஒரு வருடத்துச் சேறும் சீமெந்தும் படிந்து கிடந்ததால், கழுவிய பையன் என்ஜின், டாஷ்போர்ட், கியர் பெட்டியின் மேற்புறம் என்று ஓரிடமும் விடாமல் அடித்திருக்கிறான். கழுவி முடிந்ததும் சாவியின் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகி, ஏறத்தாழ 2 கிலோமீட்டர் ஓடிவந்து வளவுக்குள் நின்றது. அன்றிரவு இடியுடன் நல்ல மழையும் பெய்தது.

மறுநாள் காலை சாவியைத் திருப்பினால் டாஷ்போர்ட் விளக்கு எரிகிறது, ஹோர்ன் நன்றாக அடிக்கிறது, ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றவில்லை. நாலைந்து தடவைக்கு ஒருமுறை ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கிறது. மற்ற நேரங்களில் அதுவும் இல்லை. ஒரே ஒரு தடவை என்ஜின் அரைச் சுற்று அசைந்தது போலத் தெரிந்தது, அத்துடன் சரி. பற்றரி வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. காற்று வடிகட்டி, அடியில் எண்ணெய்க் கிண்ணம் உள்ள பழைய வகை. சைலன்சர் குழாய் மேல்நோக்கி நிற்கும். அதன் மூடி எப்போதோ கழன்று விழுந்துவிட்டது.

லொறியில் கட்டி நாலு அடி இழுத்தால் கிளம்பிவிடும் என்கிறார் சாரதி. ஸ்டார்ட்டரின் இரண்டு முனைகளையும் ஒரு ஸ்பானரால் தொட்டுவிட்டால் போதும், வன்னியில் எல்லோரும் அப்படித்தான் எடுக்கிறார்கள் என்கிறார் வளவில் வேலை செய்யும் இன்னொருவர். இரண்டுக்கும் எனக்கு மனம் ஒப்பவில்லை. பூசைக்காகச் சக்கரங்களின் கீழ் வைத்த தேசிக்காய்கள் இரண்டு நாளாக நசுங்காமல் கிடப்பது வீட்டில் வேறு பேச்சாகிவிட்டது. என்னிடம் ஒரு மல்டிமீட்டரும் சாதாரண ஸ்பானர் செட்டும் இருக்கின்றன. எதை முதலில் பார்க்க வேண்டும் என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

வெள்ளவத்தைக்காரன்

எனக்குக் கார் அனுபவம் மட்டும்தான் உண்டு, அண்ணா. இருந்தாலும் கழுவிய மறுநாள் நின்றது என்றால் ஈரத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டு, கண்ணுக்குத் தெரியும் வயர் இணைப்புகளை எல்லாம் பிரித்து, டபிள்யூ.டி. 40 அடித்து, வெயிலில் அரை நாள் விட்டுப் பாருங்கள். பியூஸ் பெட்டியையும் திறந்து பார்த்துவிடுங்கள். ஆனால் இந்தப் பருவத்தில் கொழும்பில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வெயிலை நம்ப முடியாது என்பதால், காலையிலேயே தொடங்குவது நல்லது.

ஓய்வுபெற்ற மெக்கானிக்

தம்பி, லொறியில் கட்டி இழுக்கும் யோசனையைச் சாரதியின் மனத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். ‘அரைச் சுற்று அசைந்து நின்றது’ என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரிதான் என்னை இந்தப் பதிலை எழுத வைத்தது.

உங்கள் வண்டியில் வழக்கமாக இருப்பது பேர்க்கின்ஸின் மூன்று சிலிண்டர் ஏ.டி. 3.152 என்ஜின். மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 2.5 லீற்றர், அதாவது ஒரு சிலிண்டருக்கு 830 மில்லிலீற்றர் அளவு காற்று. பிஸ்டன் மேலே ஏறும்போது அந்தக் காற்று பதினெட்டில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாக நசுங்கி, மிஞ்சும் இடம் 50 மில்லிலீற்றர்கூட வராது. மூடியில்லாத சைலன்சர் குழாய் வழியாகவோ, காற்று வடிகட்டி வழியாகவோ மூன்று மேசைக்கரண்டித் தண்ணீர் ஒரு சிலிண்டருக்குள் போயிருந்தால், அந்த இடம் நிறைந்துவிடும். காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது அப்படி நடந்தால் பெரும்பாலும் என்ஜின் ‘டக்’ என்று நின்றுகொள்ளும். லொறி இழுத்தால் அது நிற்க இடமில்லை, பிஸ்டனைக் கிராங்க்குடன் இணைக்கும் கனெக்டிங் ரொட் வளைந்துவிடும். வளைந்த ரொட்டுடன் வண்டி கிளம்பிவிடவும் கூடும் என்பதுதான் இதில் மோசமான பகுதி. இரண்டு மாதம் கழித்து என்ஜின் புளொக்கில் ஓட்டை விழுந்த பிறகுதான் காரணம் விளங்கும்.

ஆகையால் முதல் வேலை, உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று கையால் அறிவது. சாவியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், டீசலை நிறுத்தும் கைப்பிடியை இழுத்துவிடுங்கள், சக்கரத்துக்குக் கல் வையுங்கள். என்ஜினின் முன்பக்கம் கீழே உள்ள கிராங்க் புல்லியின் நடு நட்டில் நீளமான பிடியுள்ள ஸ்பானரைப் போட்டு, முன்னால் நின்று பார்க்கும்போது கடிகாரம் சுற்றும் திசையில் மெதுவாக இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். மூன்று சிலிண்டரும் தம் அமுக்கத்தை அதற்குள் ஒருமுறை காட்டிவிடும். நல்ல அமுக்கம் கைக்குத் தெரியும் விதமே வேறு: வில்லைப் போல எதிர்த்துத் தள்ளும், கொஞ்சம் பொறுத்தால் ‘ஸ்ஸ்’ என்று இளகி வழிவிடும். தண்ணீர் இருந்தால் சுவரில் மோதியது போல ஓரிடத்தில் நிற்கும், எவ்வளவு பொறுத்தாலும் இளகாது. அப்படி நின்றால் பலத்தைக் காட்ட வேண்டாம். சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் மூன்று இன்ஜெக்டரையும் கழற்றிவிட்டுச் சுற்றினால் தண்ணீர் அந்தத் துளைகள் வழியாக வெளியே பீறிடும், முகத்தை அங்கே கொண்டுபோகாமல் இருந்தால் சரி.

காற்று வடிகட்டியின் அடிக் கிண்ணத்தையும் இறக்கிப் பாருங்கள். எண்ணெய் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. நிறம் மாறாமல் இருந்தாலும் கிண்ணத்தை ஒரு போத்தலில் ஊற்றிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தண்ணீர் அடியிலும் எண்ணெய் மேலுமாகப் பிரிந்து நிற்கும்.

கைச் சுற்று இலேசாக வந்துவிட்டால் இனி விடயம் மின்சாரத்தில்தான் இருக்கிறது. ஹோர்ன் அடிக்கிறது என்பதை வைத்துப் பற்றரிக்கு நற்சான்று கொடுக்காதீர்கள். ஹோர்னுக்குச் சில அம்பியர் போதும், ஸ்டார்ட்டருக்கு நூற்றுக்கணக்கில் வேண்டும். ஓய்வில் இருக்கும் நல்ல பற்றரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதிதான் மிச்சம். மீட்டரின் முனையைக் கிளாம்பில் வைக்காமல் பற்றரியின் ஈயக் கம்பத்திலேயே வைத்து அளவுங்கள்.

பிறகு மிக எளிதான ஒன்று. இந்த வண்டியில் ஹை–லோ லீவர் (கியர்களை வேக வரிசைக்கும் மெது வரிசைக்கும் மாற்றும் கைப்பிடி) நியூட்ரலில் இருந்தால்தான் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் போகும். அதற்கென்று கியர் பெட்டியில் ஒரு பாதுகாப்புச் சுவிட்ச் இருக்கிறது. கழுவித் துடைத்தவர்கள் அந்த லீவரைச் சற்றே நகர்த்தி விட்டிருந்தாலும் நீங்கள் சொல்லும் அறிகுறி வரும். லீவரை இரண்டு பக்கமும் தள்ளி மீண்டும் நடுவுக்குக் கொண்டுவந்து, ஒருமுறை சாவியைத் திருப்புங்கள். அப்படியும் இல்லையென்றால் ஸ்டார்ட்டரின் மேல் இருக்கும் சொலினொயிட்டுக்கு (ஸ்டார்ட்டருக்குப் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் காந்தச் சுவிட்ச்) போகும் சிறிய வயரைக் கழற்றி, அதன் முனைக்கும் என்ஜின் உடலுக்கும் இடையே, இன்னொருவர் சாவியைத் திருப்பும்போது மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் குற்றம் சொலினொயிட்டிலோ ஸ்டார்ட்டரிலோ இருக்கிறது. வராவிட்டால் சாவிச் சுவிட்ச், பாதுகாப்புச் சுவிட்ச், இடையில் உள்ள வயர் ஆகிய மூன்றில் ஒன்று.

இங்கே மீட்டரை மட்டும் நம்பி ஏமாந்தவர்கள் பலர். மீட்டர் மின்சாரத்தை அனேகமாக இழுப்பதே இல்லை. பச்சைக் களிம்பு பிடித்து மயிரிழை அளவு தொட்டுக்கொண்டிருக்கும் இணைப்பிலும் அது 12 வோல்ட் என்று காட்டிவிடும். சிக்னல் விளக்கில் போடும் 21 வாட் பல்பு ஒன்றுக்கு இரண்டு வயர் பற்றவைத்து, அதைக் கொண்டு சோதியுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்தால் வழி சுத்தம். சிவந்து மங்கினால் வழியில் எங்கோ அடைப்பு. முப்பது வருடம் என் பையில் கிடந்த கருவி அது, மீட்டர் பிறகுதான் வந்தது.

பரந்தன் வயல்

ஸ்பானரால் தொட்டு எடுப்பது பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். வன்னியில் எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. செய்தவர்களில் சிலர் இப்போது அதைச் சொல்ல இல்லை. என் சிற்றப்பா அறுவடை நாளொன்றில் பெரிய சக்கரத்துக்கு முன்னால் குனிந்து நின்று அப்படி எடுத்தார். வண்டி இரண்டாம் கியரில் கிடந்தது அவருக்குத் தெரியாது. டீசல் என்ஜின் முதல் வெடிப்பிலேயே இழுக்கத் தொடங்கிவிடும், ஓடுவதற்கு அங்கே இடமும் இல்லை நேரமும் இல்லை. வரம்பு ஈரமாக இருந்ததால் சக்கரம் அவருடைய காலைச் சேற்றுக்குள் அமுக்கிக்கொண்டு ஏறியது. கணுக்கால் இரண்டாக முறிந்ததோடு போயிற்று. வரண்ட நிலமாக இருந்திருந்தால் நான் வேறு மாதிரி எழுத வேண்டியிருந்திருக்கும்.

மேலே ஐயா சொன்ன பாதுகாப்புச் சுவிட்ச் இருப்பதே இதற்காகத்தான். ஸ்பானரால் தொடும்போது அந்தச் சுவிட்சைச் சுற்றிக்கொண்டு போகிறோம். அந்தச் சுவிட்ச் பழுதாகிவிட்டால் இரண்டு வயரையும் முறுக்கிச் சேர்த்துவிட்டு நிரந்தரமாக ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள், உங்கள் வண்டியிலும் முன்பு யாராவது அப்படிச் செய்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பம்ப் வேலைக்காரன்

எல்லோரும் மின்சாரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் டீசல் பம்ப் வேலை செய்பவன், எனக்கு வேறொரு சந்தேகம் இருக்கிறது. டீசலை இன்ஜெக்டர்களுக்கு அழுத்தித் தள்ளும் இன்ஜெக்ஷன் பம்ப் சூடாக இருக்கும்போது அதன் மீது குளிர்ந்த தண்ணீரைப் பாய்ச்சக் கூடாது. பம்பின் வெளிக்கூடு சட்டென்று குளிர்ந்து சுருங்கும், உள்ளே சுழலும் பாகம் சூட்டில் விரிந்தபடியே இருக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மிக நுண்ணியது என்பதால் பிடித்துக்கொள்ளும். உழவு இயந்திரத்தோடு வரும் கையேடுகள் பலவற்றில் இந்த எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கிறது, வாசிப்பவர்கள்தான் குறைவு. கொட்டாஞ்சேனைக்கு ஓடிப்போய்ச் சூட்டோடு கழுவியிருந்தால் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இரண்டாவது, டீசலில் தண்ணீர். தாங்கியின் மூடி தளர்ந்திருந்தால் அழுத்தத் தண்ணீர் நேரே உள்ளே போகும். டீசலைவிடத் தண்ணீர் கனமானது, அடியில் தங்கிவிடும். வடிகட்டியின் அடியில் உள்ள திருகாணியைத் திறந்து ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்த்தால் உருண்டை உருண்டையாக அடியில் நிற்பது தெரியும். தண்ணீரை வடித்த பிறகு காற்றை எடுக்க மறக்க வேண்டாம்: கையால் அடிக்கும் லிப்ட் பம்பை இயக்கிக்கொண்டே முதலில் வடிகட்டித் திருகாணி, பிறகு பம்பில் உள்ள திருகாணிகள் என்ற ஒழுங்கில் குமிழி நிற்கும்வரை திறந்து மூட வேண்டும், கடைசியாக ஸ்டார்ட்டரைச் சுற்றும்போது இன்ஜெக்டர் குழாய்களின் நட்டுகளைத் தளர்த்தி இறுக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற மெக்கானிக்

பம்ப் வேலைக்காரர் சொன்ன இரண்டும் உண்மை. ஆனால் இந்த வண்டிக்கு அவை பொருந்துமா என்பதை, தம்பி எழுதியதை வைத்தே பார்க்கலாம். பம்ப் பிடிப்பதென்றால் கழுவிய அந்த நிமிடத்தில் பிடித்திருக்க வேண்டும்; வண்டி அதன் பிறகு ஒரே திருப்பில் கிளம்பி 2 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. டீசலில் தண்ணீர் என்றால் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றும், என்ஜின் பிடிக்காது. இங்கே ஸ்டார்ட்டரே சுற்றவில்லை. சுற்றத் தொடங்கிய பிறகும் கிளம்பாவிட்டால் அந்தப் பக்கம் போகலாம், அதுவரை டீசல் குழாய்களில் கை வைக்க வேண்டாம். தேவையில்லாமல் காற்றை உள்ளே விட்டு, இருக்கும் குற்றத்தோடு இன்னொன்றைச் சேர்த்துக்கொள்வோம்.

வந்து நின்ற பிறகு, ஒரு இரவு கழித்து ஸ்டார்ட் ஆகாமல் போனதற்கும் காரணம் உண்டு என்று நினைக்கிறேன். மட்டக்குளி, களனி கங்கை கடலில் விழும் இடத்துக்கு அருகில் இருக்கிறது. அங்கே நிற்கும் வண்டிகளின் வயர் முனைகளில் உப்புப் படியாமல் இராது. அழுத்தத் தண்ணீர் அந்த உப்பைக் கரைத்து இணைப்புக்குள் கொண்டுபோய் விட்டிருக்கும். என்ஜின் சூட்டில் மாலை வரை தாக்குப்பிடித்திருக்கும், இரவில் ஊறியிருக்கும். நான் சந்தேகப்படும் இடம் பாதுகாப்புச் சுவிட்சின் இரண்டு முனைகள்.

மட்டக்குளி பவுசர்

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை ஆறரை மணிக்குத் தொடங்கி, நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

முதலில் கையால் சுற்றினோம். இரண்டு அமுக்கம் ஐயா சொன்னபடி வில்லைப் போலத் தள்ளி இளகின. மூன்றாவது சற்றுக் கடினமாக வந்ததும் எனக்கு வியர்த்துவிட்டது, ஆனால் பத்து விநாடி பொறுத்தபோது அதுவும் ‘ஸ்ஸ்’ என்று வழிவிட்டது. சாரதி என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். காற்று வடிகட்டிக் கிண்ணத்தைப் போத்தலில் ஊற்றியபோதுதான் அவருடைய சிரிப்பு நின்றது: எண்ணெய் வழக்கமான கறுப்பு நிறத்தில் மேலே நிற்க, அடியில் ஒரு விரல் அளவு தெளிந்த தண்ணீர் இருந்தது. கிண்ணத்தையும் வலையையும் டீசலில் கழுவி, புது எண்ணெய் குறியளவுக்கு ஊற்றினோம்.

பற்றரிக் கம்பத்தில் 12.5 வோல்ட். லீவரை ஆட்டிப் பார்த்தும் மாற்றமில்லை. சொலினொயிட்டின் சிறிய வயரைக் கழற்றி மீட்டர் வைத்தபோது, சாவியைத் திருப்பினால் 12.3 காட்டியது. நேற்றுவரை எனக்கு இந்தப் பதில்கள் கிடைக்காமல் இருந்திருந்தால் அங்கேயே ஸ்டார்ட்டரைக் கழற்றிக்கொண்டு உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குப் போயிருப்பேன். 21 வாட் பல்பை வைத்தபோது அதன் இழை அணையப்போகும் பீடி நுனி போல ஒரு சிவப்புக் கோடாக மட்டும் தெரிந்தது. வயரைப் பின்தொடர்ந்து பாதுகாப்புச் சுவிட்சுக்குப் போனோம். மேலே இருந்த ரப்பர் உறை பாதி கிழிந்திருந்தது, அதற்குள் தண்ணீர் தேங்கி நின்றது. இரண்டு முனைகளில் ஒன்று முழுக்கப் பச்சை. வயரைத் தொட்டு இழுத்ததும் தகடு ஒடிந்து கையோடு வந்துவிட்டது.

முனைகளை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, வயருக்குப் புதுத் தகடு அமுக்கி, ஈரம் போகத் துடைத்து மாட்டினோம். பல்பு பளிச்சென்று எரிந்தது. சொலினொயிட்டில் வயரைப் போட்டுச் சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட்டர் சுற்றியது, ஆனால் சோம்பலாகச் சுற்றியது. மூன்றாவது முயற்சியில்தான் என்ஜின் பிடித்தது. இந்தச் சோம்பல் எதனால் என்று கேட்கலாமா?

ஓய்வுபெற்ற மெக்கானிக்

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். சோம்பலுக்கு அனேகமாக ஏர்த் பட்டிதான் (பற்றரியின் மைனஸை வண்டியின் இரும்போடு இணைக்கும் பட்டி) காரணம். மீட்டரின் ஒரு முனையைப் பற்றரியின் மைனஸ் கம்பத்திலும் மற்றதை ஸ்டார்ட்டரின் உடலிலும் வைத்து, டீசலை நிறுத்தி வைத்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சில விநாடி சுற்றுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பட்டி இறுக்கப்பட்டிருக்கும் இடத்தில் துருவோ பெயின்டோ இருக்கிறது. கழற்றி, இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை சுரண்டி, வாசலின் பூசி இறுக்குங்கள். சுவிட்சின் முனைகளிலும் வாசலினைத் தாராளமாகப் பூசி, புது ரப்பர் உறை போடுங்கள். சுவிட்சையே மாற்றுவதானாலும் பஞ்சிகாவத்தையில் இந்த வண்டியின் பாகங்களுக்குத் தட்டுப்பாடு இல்லை. பழையதைக் கையோடு கொண்டுபோய் மரையை ஒப்பிட்டு வாங்குங்கள்.

அடுத்த முறை கழுவும்போது என்ஜின் ஆறும்வரை காத்திருங்கள். டாஷ்போர்ட், ஒல்டனேட்டர், அந்தச் சுவிட்ச் மூன்றையும் சொப்பிங் பையால் கட்டிவிடுங்கள். அந்த இடங்களுக்குத் துணியும் தூரிகையும் போதும், அழுத்தத் தண்ணீர் அடிக்கும் துப்பாக்கி வேண்டாம். கழுவி முடிந்ததும் வண்டியை உடனே நிறுத்திவிடாமல், அரை மணித்தியாலம் ஓடவிட்டு அந்தச் சூட்டிலேயே உலரவிடுங்கள். சைலன்சருக்கு மூடி வாங்கும்வரை ஒரு வெறும் ரின்பால் பேணியைக் கவிழ்த்து வையுங்கள். ஊரில் பாதி வண்டிகள் அதோடுதான் மாரியைக் கடக்கின்றன. ஸ்டார்ட் செய்யும் முன் அதை எடுக்க வேண்டும் என்பதைச் சாரதியிடம் சொல்லிவிடுங்கள்.

மட்டக்குளி பவுசர்

ஏர்த் பட்டியில் 1.4 வோல்ட் காட்டியது. கழற்றிப் பார்த்தால் போல்ட்டின் கீழே மஞ்சள் பெயின்ட். சுரண்டி இறுக்கிய பிறகு 0.2 ஆகிவிட்டது, இப்போது சாவியில் கை வைத்தவுடன் பிடிக்கிறது. பேணி வைத்தாயிற்று. தேசிக்காய்கள் நான்கும் காய்ந்து கல்லாகிவிட்டதால், அம்மா புதிதாக நான்கு கொண்டுவந்து வைத்த பிறகுதான் வண்டியை வெளியே எடுக்க விட்டார்.